ஷேக் சாயித் பெரிய பள்ளிவாசல், அபுதாபி: எந்த வெளிச்சத்தில் பார்ப்பது?

துபாய்க்கு வரும் சொந்தபந்தங்களை ஒரு நாள் அபுதாபிக்குக் கூட்டிப்போவது அமீரகத் தமிழ்க் குடும்பங்களில் ஏறக்குறைய சடங்காகிவிட்டது. காலையில் கிளம்பி, ஃபெராரி வேர்ல்டு வாசலில் ஒரு படம், உச்சி வெயிலில் பள்ளிவாசலில் முக்கால் மணி நேரம், பிறகு கார்னிஷ் கடற்கரைச் சாலையில் ஒரு டீ. பேக்கேஜ் டூர்காரர்கள் போடும் அட்டவணையும் இதேதான். அப்படிப் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் கேட்டால், “வெள்ளையா, பெருசா இருந்துச்சு” என்பதோடு பேச்சு நின்றுவிடும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தக் கட்டடம் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளைச் சுவர்தான். அதே கட்டடம் சூரியன் இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தொடங்கி, இருட்டி ஒரு மணி நேரம் கழியும்வரை நாலைந்து நிறம் மாறும். போகிற நேரத்தை முதலில் முடிவுசெய்யுங்கள். மற்ற ஏற்பாடெல்லாம் அதற்குப் பிறகு.

மதிப்பெண் கேட்டால், கட்டடத்துக்கு ஐந்துக்கு ஐந்து. பார்வையாளர்களை உள்ளே கூட்டிப்போய் வெளியே விடுகிற ஏற்பாட்டுக்கு மூன்றரை. நுழைவு முற்றிலும் இலவசம் என்பதால் இன்னொரு அரை சேர்த்துக்கொள்ளலாம்.

முன்பதிவு

யாராக இருந்தாலும் பதிவு வேண்டும். பள்ளிவாசலை நிர்வகிக்கும் ஷேக் சாயித் கிராண்ட் மாஸ்க் சென்டரின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் நாள், நேரம், ஆட்களின் எண்ணிக்கை, மின்னஞ்சல், தொலைபேசி எண் கொடுத்தால் க்யூஆர் கோடு வந்துவிடும். குடும்பம் முழுவதற்கும் ஒரே பதிவு போதும். கோடைப் பகல் என்றால் அன்றைக்கே கிடைக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை, அதுவும் சனி, ஞாயிறு மாலைகளில், சூரியன் மறையும் நேரத்துக்கான இடங்கள்தான் முதலில் தீரும். கப்பல் சுற்றுலாக்காரர்கள் வந்து இறங்கும் பருவமும் அதுவே.

ஒரு எச்சரிக்கை. தேடுபொறியில் பெயரைப் போட்டால் மேலே வருகிற பல தளங்கள் ‘நுழைவுச் சீட்டு’ என்று காசு கேட்கும். அவர்கள் விற்பது வழிகாட்டியையோ வண்டியையோ என்றால் சரி, அது அவர்கள் தொழில். வெறும் நுழைவுக்குப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். இலவசமாகக் கிடைப்பதை வாங்கி விற்கிறார்கள், அவ்வளவுதான்.

வழக்கமான நேரம் காலை 9 முதல் இரவு 10 வரை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்காக நண்பகல் 12 மணிக்குப் பார்வையாளர்களை நிறுத்திவிட்டு, மறுபடி 3 மணிக்குத் திறப்பார்கள். ரமலானிலும் இரு பெருநாட்களிலும் இந்த நேரங்கள் மாறும் என்பதால் கிளம்புமுன் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்று எண்ணி பகல் 12.30-க்கு வந்து நின்று, மூன்று மணிவரை நுழைவுப் பாதையில் இருக்கும் நிலத்தடிக் கடைத்தெருவில் பொழுதைக் கழிக்கும் குடும்பங்களை வாராவாரம் பார்க்கலாம்.

உடை: திருப்பி அனுப்பப்படுவது இங்கேதான்

விதி எளிமையானது. பெண்களுக்குக் கணுக்கால்வரை நீண்ட, தளர்வான, உள்ளே தெரியாத உடை, மணிக்கட்டுவரை கை, தலையில் துணி. ஆண்களுக்கு முழுக்கால் பேன்ட், கை வைத்த சட்டை. ஆனால் நம் ஊர் உடையோடு இந்த விதியைப் பொருத்தும்போதுதான் சிக்கல் வருகிறது.

சேலை மரியாதையான உடைதானே என்று நம்பிப் போனால் வாசலில் நிறுத்துவார்கள். இடுப்பு தெரியும், ரவிக்கையின் கை முழங்கைக்கு மேல் நின்றுவிடும். சேலைதான் கட்டுவேன் என்றால் மேலே போட்டுக்கொள்ள அபாயா கையில் இருக்க வேண்டும். சுடிதாரில் முக்கால் கை போதாது. லெக்கின்ஸின் மேல் குட்டையான டாப் என்றால் ‘இறுக்கமான உடை’ என்ற கணக்கில் வந்துவிடும். நீளமான, முழுக்கை வைத்த பருத்திச் சுடிதாரும் பலாஸோவும் எந்தச் சோதனையிலும் தடைபடாது. துப்பட்டா ஷிஃபானாக இருந்தால் இரண்டு தொல்லை: உள்ளே முடி தெரியும், வழுக்கி வழுக்கி விழும். தலைத்துணி நழுவினால் உள்ளே இருக்கும் ஊழியர் ஒவ்வொரு முறையும் வந்து சொல்வார். பருத்தித் துப்பட்டாவும் இரண்டு ஊசிகளும் அதற்கு மருந்து.

அங்கே அபாயா கொடுப்பார்கள் என்ற பழைய பேச்சை நம்பிப் போகாதீர்கள். நிலத்தடிக் கடைத்தெருவில் விலைக்குக் கிடைக்கும், ஆனால் நுழைவு நேரம் நெருங்கும்போது பேரம் பேச அவகாசம் இருக்காது. துபாயின் தேரா, பர்துபாய் கடைகளிலோ ஊரிலோ முன்பே ஒன்று வாங்கிவைத்தால் செலவும் குறைவு, அளவும் சரியாக இருக்கும். கறுப்புதான் என்றில்லை. படத்தில் அந்த வெள்ளைப் பளிங்குக்கு எதிரில் இளநீலமும் மரூனும் நன்றாக எடுபடும்.

ஆண்கள் அரைக்கால் சட்டையில் வந்து மாட்டிக்கொள்வதுதான் அதிகம். மே மாத வெயிலில் கிளம்பும்போது புரியாது, வாசலில்தான் உறைக்கும். காலணி எளிதில் கழற்றி மாட்டும்படி இருக்கட்டும். லேஸ் கட்டும் ஷூவோடு கூட்டத்தில் குனிந்து நிற்பது பெரிய இம்சை.

போய்ச் சேர்வது

பள்ளிவாசல் அபுதாபித் தீவின் தொடக்கத்திலேயே, பாலங்களைத் தாண்டியவுடன் இருக்கிறது. துபாயிலிருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர். சொந்தக் காரில் வருவோர் ஒன்றைக் கவனியுங்கள்: துபாய்ச் சாலைகளில் வேக வரம்புக்கு மேல் 20 கிலோமீட்டர் தாண்டினால்தான் கேமரா பிடிக்கும். அபுதாபி எல்லைக்குள் அந்தச் சலுகை கிடையாது, பலகையில் எழுதியிருப்பதுதான் வரம்பு. இரவு திரும்பும்போது வரும் அபராதக் குறுஞ்செய்திகளில் பாதி இந்த மறதியால்தான். நெரிசல் நேரத்தில் பாலத்தைக் கடந்தால் ‘தர்ப்’ டோல் 4 திர்ஹம். வண்டி நிறுத்த இடம் தாராளம்.

பேருந்தில் வருவோருக்கு துபாயின் அல் குபைபாவிலிருந்து ஈ100, இபின் பத்தூத்தா மெட்ரோ பக்கமிருந்து ஈ101. கட்டணம் 25 திர்ஹம், துபாய்ப் போக்குவரத்துக்கான நோல் கார்டில்தான் எடுக்கும். பேருந்து பள்ளிவாசல் பக்கமாகத்தான் போகும், ஆனால் அங்கே நிற்காது. நகருக்குள் இருக்கும் மத்தியப் பேருந்து நிலையம்வரை போய், அங்கிருந்து திரும்பி வர வேண்டும். டாக்சிக்கு 30 திர்ஹம் சொச்சம் ஆகும். நகரப் பேருந்தில் வரலாம் என்றால் நோல் கார்டு அங்கே செல்லாது, ‘ஹாஃபிலாத்’ கார்டு தனியாக வாங்க வேண்டும். மூன்று பேருக்கு மேல் இருந்தால் டாக்சியே கட்டுப்படியாகும். ஓட்டுநரிடம் ‘கிராண்ட் மாஸ்க்’ என்று மட்டும் சொல்லாமல் ‘சூக் அல் ஜாமிஃ’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். அந்த நிலத்தடிக் கடைத்தெருவின் பெயர் அது, பார்வையாளர் வாசலும் அதுதான். தொழுகையாளர் வாசலில் இறங்கிவிட்டால் வெயிலில் சுற்றி நடக்க வேண்டிவரும்.

நிலத்தடிப் பாதை

ஏற்பாட்டுக்கு ஒன்றரை மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம் இந்தப் பகுதி. மண்ணுக்கு மேல் அவ்வளவு பெரிய அழகு நிற்க, உங்களை முதலில் மண்ணுக்குக் கீழே ஒரு மாலுக்குள் இறக்குகிறார்கள். காபிக் கடைகள், நினைவுப்பொருள், ஒட்டக பொம்மை. அதைத் தாண்டி க்யூஆர் சோதனை, உடைச் சோதனை, விமான நிலையம் போல பை ஸ்கேனர், பிறகு நீண்ட சுரங்க வழி. நகரும் நடைமேடைகள் உண்டு. முதியவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் மின்வண்டி உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள். சக்கர நாற்காலிக்குப் பாதை முழுக்கச் சாய்தளமோ லிஃப்டோ இருக்கிறது. இந்த விஷயத்தில் ஏற்பாடு மிக நன்று.

ஆகஸ்டு மாதத்தில் இந்தச் சுரங்கத்தின் அருமை தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். 42 டிகிரியில் அந்தத் தொலைவைத் திறந்த வெளியில் நடந்தால் பள்ளிவாசல் வாசலிலேயே பாதிப் பேர் உட்கார்ந்துவிடுவார்கள். போக வர மொத்தம் இரண்டு கிலோமீட்டர் நடை என்று மனத்தில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. நுழைவு நேரத்துக்கு அரை மணி நேரம் முன்னதாகவே மாலுக்குள் இருக்க வேண்டும். மாலை 5 மணிக்குப் பதிவுசெய்துவிட்டு 5 மணிக்கு வாகன நிறுத்தத்தில் இறங்குபவர், டிசம்பரில் சூரியன் மறைவதைச் சுரங்கத்துக்குள்ளேயே ‘பார்ப்பார்’.

கழிவறை, தண்ணீர் எல்லாம் இந்தப் பக்கத்திலேயே முடித்துவிடுங்கள். மேலே போனபின் உணவும் பானமும் கூடாது.

மேலே வந்தவுடன்

படியேறி வெளியே வரும்போது முதலில் தெரிவது வளைவுகளும் தூண்களும் அவற்றை ஒட்டிய நீர்த்தடாகங்களும். கட்டுமானம் 1996-ல் தொடங்கி 2007-ல் முடிந்தது. வடிவமைத்தவர் சிரியாவைச் சேர்ந்த யூசுஃப் அப்தெல்கி. அமீரகத்தின் முதல் அதிபர் ஷேக் சாயிதின் கனவு இது. 2004 நவம்பரில் அவர் மறைந்தபோது கட்டடம் முடியவில்லை. கட்டி முடிக்காத பள்ளிவாசலின் வளாகத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள். அந்த அடக்கத்தலத்தில் குர்ஆன் ஓதுவது இரவு பகலாக நடந்துகொண்டிருக்கும். அந்தப் பக்கம் கேமராவைத் தூக்கக் கூடாது.

தரை மட்டத்திலிருந்து ஏறக்குறைய 9.5 மீட்டர் உயர்த்திய மேட்டில் கட்டியிருப்பதால் பக்கத்துப் பாலங்களின் வழியாக நகருக்குள் வரும்போதே இது கண்ணில் படும். 82 குவிமாடங்கள். நான்கு மினாராக்கள் (கோபுரங்கள்), ஒவ்வொன்றும் ஏறத்தாழ 107 மீட்டர். ஒரு மினாராவின் அடியில் நின்று மெதுவாக மேலே பாருங்கள். அடிப்பகுதி சதுரம், மொராக்கோ பாணி. அதற்கு மேல் எண்கோணம், மம்லூக் காலத்து எகிப்தை நினைவூட்டுவது. அடுத்தது உருளை, துருக்கி உஸ்மானியர் வழி. உச்சியில் பொன்னிறக் கண்ணாடிச் சில்லுகள் பதித்த விளக்குக் கூண்டு, ஃபாத்திமியர் பாணி. மேற்கிலிருந்து கிழக்குவரை இஸ்லாமியக் கட்டடக்கலையின் நாலு காலத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். இதைக் கவனிக்காமல் மினாராவைப் பின்னணியாக மட்டும் வைத்து செல்ஃபி எடுப்பவர்களே அதிகம்.

தாழ்வாரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள். வெள்ளைப் பளிங்கில் குழிவெட்டி, லாபிஸ் லசுலி என்ற நீலக் கல், அமெதிஸ்ட், சிவப்பு அகேட், முத்துச்சிப்பி ஓடு ஆகியவற்றைப் பூங்கொடியாகப் பதித்திருக்கிறார்கள். தாஜ்மகாலில் பார்த்த அதே பதிப்பு வேலைதான். தூணின் தலைப்பகுதி பொன்னிறப் பேரீச்சை மரத்தின் கொண்டை போல விரியும். கல் பதித்த தூணை விரலால் தடவிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். பல்லாயிரம் கைகளின் எண்ணெய்ப் பிசுக்குதான் வெள்ளைப் பளிங்குக்கு முதல் எதிரி. வெளிச்சுவர்ப் பளிங்கு வட மாசிடோனியாவின் சிவெக் சுரங்கத்திலிருந்து வந்தது. இணைப்புக் கட்டடங்களில் நம் ராஜஸ்தானத்து மக்ரானாக் கல்லும் இருக்கிறது.

நடுவே இருக்கும் முற்றத்துக்கு, அதாவது ஸஹனுக்கு, பரப்பளவு ஏறக்குறைய 17,000 சதுர மீட்டர். பிரிட்டிஷ் ஓவியர் கெவின் டீன் வரைந்த பூங்கொடிகள் வண்ணப் பளிங்கில் தரை முழுக்க ஓடுகின்றன. அதற்குள் இறங்கி நடக்க விடமாட்டார்கள், ஓரத்திலிருந்துதான் பார்க்க வேண்டும். அதுவும் நல்லதுக்குத்தான். ஆள் நடமாட்டமில்லாத முற்றம்தான் அந்தப் படங்களுக்கு உயிர்.

உள் கூடம்: கம்பளத்துக்காகவே நிற்க வேண்டிய இடம்

பெரும்பாலோர் உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்ப்பார்கள். சரவிளக்கு அப்படி இழுக்கும். மியூனிக்கைச் சேர்ந்த ஃபௌஸ்டிக் நிறுவனம் செய்த ஏழு சரவிளக்குகளில் பெரியது இங்கே நடுக் குவிமாடத்தின் கீழே தொங்குகிறது. விட்டம் 10 மீட்டர், உயரம் 15 மீட்டர், எடை ஏறக்குறைய 12 டன். ஸ்வரோவ்ஸ்கிப் படிகங்கள் பதித்தது. பார்த்துவிட்டீர்களா? இப்போது குனிந்து தரையைப் பாருங்கள்.

5,627 சதுர மீட்டரில் விரிந்திருப்பது ஒரே கம்பளம். கையால் முடிச்சிட்ட கம்பளங்களில் உலகிலேயே பெரியது. ஈரானின் அலி காலிகி வரைந்த வடிவத்தை, கொராசான் பகுதியின் நீஷாபூர் பக்கத்துக் கிராமங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைவினைஞர்கள் நெய்தார்கள். எடை சுமார் 35 டன். முடிச்சுகள் ஏறக்குறைய 227 கோடி. வகுத்துப் பார்த்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நாற்பது முடிச்சு, அதாவது உங்கள் சுண்டுவிரல் நகத்தின் அளவுக்குள் நாற்பது முறை ஒரு கை நூலை இழுத்துக் கட்டியிருக்கிறது. துண்டுகளாக விமானத்தில் கொண்டுவந்து இங்கேயே தைத்துச் சேர்த்தார்கள். தையல் எங்கே என்று தேடிப் பாருங்கள், கிடைக்காது.

அதைவிட நுட்பமான ஒன்று உண்டு. தொழுகையில் வரிசை நேராக இருக்க வேண்டும். வழக்கமாகக் கம்பளத்தில் கோடு போட்டோ கட்டம் நெய்தோ அதைக் காட்டுவார்கள். இங்கே பூ வேலைப்பாட்டைக் கோடு வெட்டிக் கெடுத்துவிடக் கூடாது என்று, நூல் முனைகளை ஏற்ற இறக்கமாகக் கத்தரித்து மெல்லிய மேடு ஒன்றை வரிவரியாக விட்டிருக்கிறார்கள். தொலைவிலிருந்து தெரியாது. தொழ நிற்பவரின் கண்ணுக்கும் காலுக்கும் தெரியும். பார்வையாளர் பாதையின் ஓரத்தில் நின்று, பக்கவாட்டில் வெளிச்சம் விழும் இடத்தில் சாய்ந்து பார்த்தால் அந்த வரி பிடிபடும். கயிற்றைத் தாண்டிக் கம்பளத்தில் கால் வைக்க அனுமதி இல்லை.

எதிரே 23 மீட்டர் உயரமும் 50 மீட்டர் அகலமும் கொண்ட கிப்லாச் சுவர், அதாவது மக்காவின் திசையில் இருக்கும் சுவர். அல்லாஹ்வின் 99 திருநாமங்களை அமீரகத்து எழுத்தணிக் கலைஞர் முஹம்மது மந்தி அல் தமீமி கூஃபி என்ற பழைய அரபி எழுத்து வடிவில் எழுத, பின்னாலிருந்து ஒளியிழைகள் மெல்ல ஒளி கொடுக்கின்றன. அரபி வாசிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு பெயராகத் தேடிப் படிப்பதைப் பார்க்கலாம். நடுவில் மிஹ்ராப் என்ற குழிமாடத்தில் பொன்னிறச் சில்லுகள். கூடத்தின் 96 தூண்களில் முத்துச்சிப்பி பதிப்பு. கூடத்தில் ஏறத்தாழ 7,000 பேர் தொழலாம். பெருநாளில் வளாகம் முழுக்கச் சேர்த்தால் 40,000-க்கு மேல்.

பாதை ஒருவழி. பின்னாலிருந்து கூட்டம் தள்ளும். ஓர் ஓரமாக ஒதுங்கி நின்றால் யாரும் விரட்டமாட்டார்கள். அப்படி நிற்காமல் நகர்ந்துவிட்டால் திரும்பி வர முடியாது. அவசரத்தில் போகிறவர்கள் இழப்பது கம்பளத்தைத்தான்.

வெளிச்சக் கணக்கு

சூரியன் மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் சுரங்க வாசலில் இருக்கும்படி பதிவு செய்யுங்கள். டிசம்பரில் மறைவு 5.35 வாக்கில், ஜூனில் 7.15 வாக்கில். இந்தக் கணக்கில் வந்தால் முதலில் தாழ்வாரத்தில் பொன்வெயில், மறைந்த அரை மணி நேரத்துக்குள் தடாகத்தில் நீல வானம், பிறகு விளக்கொளி.

இரவு விளக்குகள் இங்கே ஒரு தனிக் கதை. ஒளி வடிவமைப்பாளர் ஜோனதன் ஸ்பியர்ஸின் குழு, விளக்கை நிலவோடு கட்டிவிட்டது. பௌர்ணமியன்று சுவர்கள் வெள்ளை ஒளியில் நிற்கும். பிறை தேயத் தேய நீலம் ஏறி, அமாவாசையை ஒட்டி ஆழ்ந்த நீலமாகும். சுற்றிலும் இருக்கும் கோபுரங்களிலிருந்து சுவர்மேல் மேகம் நகர்வது போன்ற நிழலாட்டமும் வீசப்படுகிறது. ஆகவே வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுக்கலாம். வெள்ளைப் பளிங்கு ஒளிர வேண்டுமென்றால் பௌர்ணமிப் பக்கம். கனவில் வருவது போன்ற நீலம் வேண்டுமென்றால் அமாவாசைப் பக்கம். இரண்டில் நீலமே மேல் என்பது இந்த விமர்சனத்தின் கட்சி.

படமெடுப்பவர்களுக்கு மூன்று சங்கதிகள். ஒன்று, கோடையிலும் செப்டம்பரிலும் குளிரூட்டிய சுரங்கத்திலிருந்து புழுக்கத்துக்குள் வரும்போது லென்ஸில் ஆவி படியும். துடைத்தால் மறுபடி படியும், ஏனென்றால் கண்ணாடி இன்னும் குளிர்ந்தே இருக்கிறது. பத்து நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டு, கைபேசி கேமரா வெள்ளைச் சுவரைப் பார்த்ததும் வெளிச்சம் அதிகம் என்று நினைத்து எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிடும், ஆளின் முகமும் கறுத்துவிடும். முகத்தைத் தொட்டு ஃபோகஸ் வைத்து ஒளியளவைக் கொஞ்சம் ஏற்றுங்கள். மூன்று, இரவில் தானியங்கி வெள்ளைச் சமன் (ஒயிட் பேலன்ஸ்) அந்த நீலத்தைக் ‘குறை’ என்று எண்ணி அழித்துவிடும். அதைப் பகல்வெளிச்சம் என்று பூட்டினால் கண்ணால் கண்ட நிறம் படத்திலும் வரும். டிரைபாடும் ட்ரோனும் அனுமதியில்லாமல் கூடாது.

எப்படி நின்று படமெடுக்கலாம் என்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. கட்டிப்பிடிப்பது, முத்தம், கைச்சின்னம் காட்டுவது, படுத்து எடுப்பது, தலைத்துணியைப் படத்துக்காக இறக்குவது எல்லாம் தடை. கணவன் மனைவியானாலும் பக்கத்தில் நின்று எடுத்துக்கொள்ளலாம், அணைத்துக்கொண்டு முடியாது. 2013-ல் உலகப் புகழ்பெற்ற ஒரு பாடகியையே ஃபேஷன் படப்பிடிப்பு போல நின்றதற்காக வெளியேறச் சொன்னார்கள். ரீல்ஸ் எடுக்கும் பிள்ளைகளிடம் காரிலேயே சொல்லிக் கூட்டிவாருங்கள்.

தொழ வருபவர்களுக்கு

தொழுகைக்கு வரும் முஸ்லிம்கள் சுற்றுலாப் பதிவும் மாலும் இல்லாமல் தொழுகையாளர் வாசல் வழியாகவே போகலாம். ஒளு செய்யும் (தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவும்) இடங்கள் விசாலம், பெண்களுக்குத் தனிக் கூடம். பயணத்தில் இருப்பவர்கள் லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதுவிட்டு, பிறகு பார்வையாளர் பாதையில் சுற்றிப் பார்க்கலாம். பதிவை மட்டும் தனியாகச் செய்துவையுங்கள். தொழ வந்த வழியிலேயே எல்லாப் பகுதியையும் பார்த்துவிட முடியாது. சூரியன் மறைந்ததும் மக்ரிப் பாங்கு சொல்லும்போது தடாகத்தின் ஓரத்தில் இருந்தால், யாராக இருந்தாலும் பேச்சை நிறுத்திக் கேளுங்கள். ரமலானில் நோன்பு திறக்க ஆயிரக்கணக்கானோர் வளாகத்தில் கூடுவார்கள். அந்த மாலைகளில் கட்டடத்தை நிதானமாகப் பார்க்க முடியாது, கூட்டத்தைப் பார்க்கலாம். அதுவும் பார்க்க வேண்டிய காட்சிதான்.

இன்னும் இரண்டு இடங்கள், ஒரு ஒப்பீடு

சாலைக்கு எதிர்ப்புறம் ‘வாஹத் அல் கராமா’ என்ற நினைவிடம் இருக்கிறது. உயிர் கொடுத்த அமீரக வீரர்களுக்காக 2016-ல் திறந்தது. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் 31 பெரும் பலகைகள், முன்னால் ஆழமில்லாத நீர்ப்பரப்பு. அந்த நீரில் பள்ளிவாசல் முழுதாகத் தலைகீழாய்த் தெரியும். கட்டணம் இல்லை, கூட்டமும் குறைவு. மொத்தக் கட்டடத்தையும் ஒரே படத்தில் அடக்க இதைவிட நல்ல இடம் இல்லை. நடந்து கடக்கப் பார்க்காதீர்கள், நடுவே நெடுஞ்சாலை. டாக்சியோ காரோதான்.

பார்ப்பதைவிடக் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்பும் முஸ்லிமல்லாதவர்களுக்கு துபாயின் ஜுமைரா பள்ளிவாசல் பொருத்தம். கட்டணம் உண்டு, ஆனால் உட்காரவைத்து, தொழுகை எப்படி, ஏன் என்று விளக்கி, எந்தக் கேள்வியும் கேட்கலாம் என்பார்கள். அபுதாபியில் அந்த நிதானம் கிடைக்காது. இலவச வழிகாட்டிச் சுற்று உண்டு, விவரம் நிறைய சொல்வார்கள், ஆனால் கூட்டத்தின் வேகத்தில்தான் போகும். மஸ்கட் போகிறவர்கள் சுல்தான் காபூஸ் பள்ளிவாசலின் கம்பளத்தையும் இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 4,343 சதுர மீட்டர், அதுவும் ஈரானில் நெய்தது, சரவிளக்கும் அதே ஃபௌஸ்டிக் வேலை. அபுதாபிக் கம்பளம் வரும்வரை உலகில் பெரியது அதுவே. அங்கே காலை நேரத்தில் மட்டும்தான் வெளியாரை விடுவார்கள்.

பேக்கேஜ் டூரில் வருவதானால், பணம் கட்டுமுன் ஒரே கேள்வி கேளுங்கள்: பள்ளிவாசலில் எத்தனை மணிக்கு இறக்கி எத்தனை மணிக்கு ஏற்றுவீர்கள்? இரண்டு மணி நேரத்துக்குக் குறைவு என்றாலோ, பகல் 11 முதல் 2 மணிக்குள் என்றாலோ, வேறு டூர் பாருங்கள். சுரங்க நடையே போக வர முக்கால் மணி நேரத்தைத் தின்றுவிடும்.

வெளியே வரும்போது மறுபடி அதே மால். சாப்பாடு வயிற்றை நிரப்பும், நினைவில் நிற்காது. இட்லி தோசை வேண்டுமென்றால் நகருக்குள் எலெக்ட்ரா தெரு, மதீனத் சாயித் பக்கம் போங்கள். இரவு எட்டரைக்கு மேல் டாக்சி வரிசை நீளும். வரிசையின் கடைசியில் போய் நிற்பதைவிட, சுரங்கத்தில் நடந்து வரும்போதே செயலியில் வண்டி சொல்லிவிட்டால் மேலே வரும் நேரத்துக்கு அது வந்து நிற்கும். பேருந்தில் துபாய் திரும்புவோர் கடைசி வண்டி எப்போது என்பதை வரும்போதே நிலையத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.